ஊர்தோறும் நூல்நிலையம் கண்ட பரோடா மன்னர்

கொடையாற் புகழ்பெற்ற வேந்தர் நம் இலக்கியத்திற் பலர். முல்லைக்குத் தேரீந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் மாணாக்கர் நன்கறிவர். பெறுவோரிடத்து யாதொன்றும் எதிர்பாராது வழங்கியமையே அவர்தம் கொடைக்குச் சிறப்பாயிற்று. அண்மைக் காலத்தில் வாழ்ந்த ஓர் அரசரோ, தாம் ஈயுமுன்னர்ப் பெறுவோரும் தம்மால் இயன்றதை ஈதல் வேண்டும் என விதித்தார். அவ்விதி உலோபத்தாற் பிறந்ததன்று; கொடுத்த பொருள் நிலைத்தல் வேண்டும் என்னும் கவலையாற் பிறந்தது. அவ்வரசர் கூர்ச்சர நாட்டுப் பரோடாவை ஆண்ட மூன்றாம் சாயாஜிராவ் கெயிக்குவார். அவர் ஈந்த பொருள் நூல்நிலையம்.

சாயாஜிராவ் அரண்மனையிற் பிறந்தவரல்லர். 1863ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நாசிக்குப் பகுதியிலுள்ள கவ்லானா என்னும் சிற்றூரில், கெயிக்குவார் மரபின் கிளையொன்றைச் சார்ந்த உழவர் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபாலராவ். 1875இல் ஆங்கில அரசினர் மல்காரராவை அரியணையினின்றும் நீக்கினர். அப்பொழுது, முன்னைய மன்னர் கண்டேராவின் மனைவியாகிய ஜம்னாபாய் இச்சிறுவரைச் சுவீகாரஞ் செய்துகொண்டார். பன்னிரண்டு வயது நிரம்பிய அப்பிள்ளைக்கு அன்று எழுதவும் தெரியாது; வாசிக்கவும் தெரியாது.

எலியட் என்னும் ஆங்கில ஆசிரியர் அவருக்குக் கல்வி புகட்டினார். இளவரசர் கற்றுவந்த காலத்தில் அரசியலை நடத்தியவர், கும்பகோணத்திற் பிறந்த திவான் சர் மாதவராவ். 1880இல் சாயாஜிராவ் தஞ்சை மராட்டியக் குடும்பத்து இலட்சுமிபாயை மணந்தார். 1881இன் இறுதியில் ஆட்சி முழுவதும் அவர் கைக்கு வந்தது. பன்னிரண்டாம் வயதில் எழுத்தறியாது நின்ற நிலையை மறவாதவர்போல், அவர் முதற்கண் கல்வியிற் கருத்தூன்றினார். 1893இல் அம்ரேலிப் பகுதியிற் சில ஊர்களில் இலவசக் கட்டாயக் கல்வியைப் பரீட்சார்த்தமாகத் தொடக்கினார். 1906இல் அதனை நாடு முழுவதற்கும் விரித்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணமும் விதிக்கப்பட்டது.

ஆயின், கட்டாயத்தாற் கற்பித்த எழுத்து எத்துணைக் காலம் நிலைக்கும்? பள்ளியை விட்டு நீங்கிய சிறுவன் ஏர் பிடிக்கச் செல்கின்றான். ஊரில் வாசித்தற்கு ஓர் ஏடுமில்லை. சில ஆண்டுகளில் கற்றதனைத்தும் மறந்துபோகின்றது. அரசாங்கம் செலவிட்ட பொருளும் வீணாகின்றது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த துன்பம் இது. பள்ளியை அடுத்து நூல்நிலையம் இல்லையெனின் பள்ளியாலும் முழுப்பயன் இல்லை என்பதை மன்னர் உணர்ந்தார்.

1906இலும் 1910இலும் அவர் அமெரிக்கா சென்று அங்குள்ள பொது நூல்நிலையங்களைக் கண்டார். நூல்நிலையத் துறையிற் பழுத்த அநுபவமுடைய வில்லியம் போர்டன் என்பாரை 1910இற் பரோடாவுக்கு வருவித்தார். தம் சொந்தச் சேகரத்திலிருந்த ஏறத்தாழ 20,000 நூல்களை அளித்து, தலைநகரில் மத்திய நூல்நிலையத்தை அமைப்பித்தார். 1911இல் நூலகப் பணியாளருக்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. 1912இல் ஆங்கிலம், குசராத்தி, மராத்தி ஆகிய மும்மொழியிலும் நூலகத்துறைச் சஞ்சிகையொன்று வெளிவந்தது. 1913இற் போர்டன் தாயகம் திரும்பிய பின்னரும் பணி நின்றிலது. போர்டன் வருமுன்னரே ஊர்களில் வாசிகசாலைகளைத் தோற்றுவித்துவந்த மோதிபாய் அமீன் என்னும் ஆசிரியர் அவ்வியக்கத்துக்கு உயிர்நாடியாய் நின்று உழைத்தார்.

பரோடா இராச்சியம் ஏறத்தாழ 8,000 சதுரமைல் பரப்புடையதாயிருந்தது. இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாடு ஒரு தொடர்நிலமாயும் இருக்கவில்லை; பரோடா, காடி, நவசாரி, அம்ரேலி எனப் பிரிந்து, இடையிடையே பிறராட்சி நிலங்கள் புகுந்து கிடந்தது. இத்தகைய நாட்டில் ஊர்தோறும் நூல்நிலையம் நடத்துதற்கு வேண்டும் பணத்தை எங்ஙனம் பெறுவது? மன்னர் வகுத்த முறை எளிது. செலவை மூன்று கூறாக்கினர். ஒரு கூற்றை ஊரார் திரட்டுதல் வேண்டும். ஒரு கூற்றை மாவட்டப் பஞ்சாயத்து அளிக்கும். எஞ்சிய கூற்றை அரசாங்கம் கொடுக்கும். ஊரார் நூறு ரூபா சேர்ப்பின் அது முந்நூறு ரூபாவாகும். கட்டடம் எழுப்புதற்கும் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது.

இம்முறையின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. அரசரே முழுவதும் கொடுப்பின், நூல்நிலையம் அரசருடையதாகும். கூரை ஒழுகினும் ஊரார் வாளாவிருப்பர். தம் வியர்வையின் ஒரு பகுதி அதிற் கலந்திருப்பின், அதனைக் காப்பாரும் அவரேயாவர். மூன்றிலொரு கூறுதானும் திரட்ட இயலாத ஏழைச் சிற்றூர்களின் கதி யாது எனச் சிலர் வினவலாம். நூல்நிலையம் இல்லாத ஊர்களுக்கு நூல்கள் நிரம்பிய மரப்பெட்டிகள் அனுப்பப்பட்டன. குறித்த காலம் கழிந்தபின் அவை மீண்டும் வந்து, பிறிதோர் ஊருக்குச் சென்றன. பெட்டியை அனுப்பும் கூலியை நூல்நிலையப் பகுதியே ஏற்றது. வாசிக்க அறியாதாருக்கு நிழற்படங்களும் சலனப்படங்களும் காட்டப்பட்டன. மகளிருக்கும் சிறுவருக்கும் தனியிடங்கள் அமைந்தன.

பழஞ்சுவடிகளையும் மன்னர் மறந்தாரல்லர். நாடெங்கும் ஆளனுப்பி வடமொழிச் சுவடிகளைத் தொகுப்பித்தார். 1916இல் இராசசேகரரின் காவியமீமாம்சை முதல் நூலாக வெளிவர, கெயிக்குவார் கீழைத்தேய நூல்வரிசை தொடங்கியது. 1927இற் கீழைத்தேய ஆராய்ச்சி நிலையம் தனியே எழுந்தது. செல்லரித்தொழியவிருந்த நூல்கள் பல இவ்வகையால் அச்சேறின. உழவனுக்குக் கதைநூலும் பண்டிதனுக்குச் சுவடியும் ஒரே கையிலிருந்து கிடைத்தன.

எனினும், அரசாணையால் எய்தக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. 1913இல் மன்னரின் உதவிப்பணம் பெற்று அமெரிக்கா சென்று கற்ற அம்பேத்கர், 1917இற் பரோடா அரசாங்கத்திற் பணிபுரிய வந்தபொழுது, சாதி காரணமாகத் தங்குதற்கு ஓர் இல்லமும் பெறாது நகரைவிட்டு நீங்கினார். நூல்நிலையத்தின் கதவைத் திறப்பிக்க மன்னரால் இயன்றது. மக்கள் மனத்தின் கதவைத் திறப்பிக்க இயலவில்லை. அவர் பெருமையை எடுத்துரைப்போர் இதனையும் மறைத்தல் ஆகாது. நூல் வழியைக் காட்டும். நடத்தல் வாசிப்போர் கடன்.

1939ஆம் ஆண்டு பெப்ருவரி 6ஆம் நாள் சாயாஜிராவ் மறைந்தார். அப்பொழுது அவர் நாட்டில் நூல்நிலையங்கள் ஆயிரத்தைக் கடந்திருந்தன. 1949இற் பரோடா பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. முடியும் கொடியும் மறைந்தன. மத்திய நூல்நிலையமோ மறையவில்லை.

நம் நாட்டிலும் ஊர்தோறும் வாசிகசாலைகள் உள. அவற்றுட் சில அன்பர் ஒருவரின் கொடையால் எழுந்து, அவர் மறைவோடு பூட்டப்பட்டன. வேறு சில வீட்டுக்கு வீடு தண்டிய சிறுகாசால் எழுந்து, இன்றும் விளக்கேற்றி நிற்கின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பரோடா மன்னரின் வாழ்வு நமக்கு விளக்கும். பாரியின் தேர் முல்லையைத் தாங்கியது உண்மை. ஆயின், முல்லை தழைத்தது தன் வேராலன்றோ?