முதலுதவி பயின்ற மகாத்மா

தேசத் தொண்டில் இறங்குவோருக்கு மேடைப் பேச்சே முதற் பயிற்சி என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கூட்டம் சேர்க்கவும் ஊர்வலம் நடத்தவும் வல்ல தொண்டர்களுக்குச் சேலம், நாமக்கல் பிரதேசங்களில் என்றும் குறைவு இருந்ததில்லை. ஆனால் அதே ஊர்வலத்தில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால், பத்துப் பேர் சூழ்ந்து நின்று காற்றைத் தடுப்பதும், ஒருவர் ஓடிவந்து வாயில் சோடாவை ஊற்றுவதுமே நாம் காணும் காட்சி. இந்நிலையில், 1948-ல் மறைந்த மகாத்மா காந்தியின் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை நினைவூட்டுவது அவசியமாகிறது.

காந்தியடிகள் வைத்தியர் அல்லர், வக்கீல். 1893-ல் ஒரு வியாபார வழக்கின் நிமித்தம் தென்னாப்பிரிக்கா சென்றார். மறு வருஷம் டர்பன் நகரில் அவர் தொழில் தொடங்கிய சில மாதங்களுக்குள், பாலசுந்தரம் என்னும் தமிழர் அவரிடம் வந்தார். வெள்ளைக்கார எஜமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலிருந்து இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராய் அழுதுகொண்டு நின்றார். காந்தியடிகள் உடனே பிராது எழுத உட்காரவில்லை. அவரை டாக்டரிடம் அனுப்பிக் காயத்தைக் கவனிக்கச் செய்து, அத்தாட்சியும் பெற்ற பின்னரே மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துச் சென்றார். காயம் முதல், வழக்கு பின் என்னும் இம்முறையை வக்கீல்களாகிய நாம் மனத்திற் கொள்ளல் தகும்.

பாலசுந்தரத்தைப் போன்ற ஒப்பந்தக் கூலிகள் 1860 முதல் கப்பல் கப்பலாக நேட்டாலுக்குச் சென்றவர்கள். வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்களது நோயையும் புண்ணையும் கண்ட காந்தியடிகள், இரக்கப்படுவதோடு நிற்க விரும்பவில்லை. பார்ஸி ருஸ்தம்ஜியின் பொருளுதவியால் ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரி ஏற்பட்டபோது, பாதிரியாரும் வைத்தியருமான டாக்டர் பூத்தின் கீழ்த் தினந்தோறும் காலையில் கம்பவுண்டர் வேலை செய்தார். நோயாளியின் குறையைக் கேட்பதும், அதை டாக்டரிடம் எடுத்துரைப்பதும், மருந்து கொடுப்பதும் அவர் பணிகள்.

இப்பயிற்சி வீண்போகவில்லை. 1899-ல் போயர் யுத்தம் மூண்டபோது, டாக்டர் பூத் இந்தியர்களுக்குக் காயம்பட்டோரைப் பேணும் முறையைக் கற்பித்தார். அவ்வாறு திரண்ட படையில் சுமார் 1,100 பேர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். கொலென்ஸோவிலும், 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் குன்றிலும் அவர்கள் காயம்பட்டோரைச் சுமந்தனர். குண்டு பாயும் எல்லைக்குள் செல்ல வேண்டியதில்லை என்பது முதலில் ஏற்பட்ட நிபந்தனை. ஸ்பியன் காப்பில் அந்த எல்லைக்குள்ளும் சென்று பணி செய்தனர். நாளொன்றுக்கு 20, 25 மைல் வரை தூக்குக் கட்டிலைத் தோளில் தாங்கி நடந்த நாட்களும் உண்டு.

1904-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிளேக் நோய் கண்ட 23 இந்தியர்களுக்கு, டாக்டர் காட்பிரேயுடன் இரவு முழுதும் கண்விழித்துப் பணிவிடை செய்தார். 1906-ல் ஜூலுக் கலகத்தின்போது சிறு படையொன்றைத் திரட்டிச் சென்றார். அங்கே கசையடியால் ஜூலு மக்களுக்கு உண்டான புண்கள் சீழ்கட்டி நாறின. வெள்ளைக்காரர்கள் அவற்றைத் தொடவும் மறுத்தனர். அப்புண்களைக் கழுவிக் கட்டியவர்கள் இந்தியர்களே.

1914 ஆகஸ்டில் அவர் லண்டனை அடைந்தபோது ஐரோப்பிய மகாயுத்தம் தொடங்கியிருந்தது. அப்போது அவருக்கு வயது 44. இரண்டு போர்க்களங்களைக் கண்டிருந்தும், தமக்கு எல்லாம் தெரியுமென்று அவர் கருதவில்லை. டாக்டர் காண்ட்லியிடம் சுமார் 80 இந்தியர்களுடன் ஆறு வாரம் முதலுதவிப் பாடம் கேட்டார். முடிவில் நடந்த பரீட்சையில் ஒருவர் தவிர மற்றவரெல்லாம் தேறினர். சீன தேசத் தலைவர் ஸன் யாட் ஸென்னுக்கு ஆசிரியராயிருந்தவரும் இந்தக் காண்ட்லியே.

ஏகாதிபத்தியத்தின் யுத்தங்களில் அவர் பணி செய்தது தகுமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கலாம். அப்பணிகளுக்காகப் பெற்ற பதக்கங்களை 1920 ஆகஸ்டில் அவரே சர்க்காரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆயினும் புண் கட்டிய கைப்பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் சேவாக்கிராமத்தில் குஷ்டநோயாளியான பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார்.

நிற்க. அவர் செய்தவற்றை யெல்லாம் நாம் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. மண் சிகிச்சையில் நம்பிக்கை வைத்து, தம் மகன் ராம்தாஸின் காயத்திலும் மண்ணை வைத்துக் கட்டினார், அது ஆறிற்று. ஆனால் தனுர்வாதக் கிருமி வாழுமிடம் மண்ணே. திறந்த புண்ணில் மண் வைக்கலாகாது என்பதே இன்றைய வைத்தியத்தின் முடிவு. நாம் பின்பற்ற வேண்டியது, தெரிந்தவரிடம் சென்று முறையாகக் கற்ற அவரது பழக்கத்தை.

கற்க வேண்டியவை அநேகமல்ல. இரத்தம் பெருகினால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும்; துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்றை வைக்க வேண்டும். தீப்புண்ணில் மசியும் பற்பசையும் தடவாமல் 20 நிமிஷம் குளிர்ந்த நீர் ஓடவிட வேண்டும். கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தால், கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடா. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிணற்று மோட்டாரில் மின்சாரம் தாக்கினால், மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆளைத் தொட வேண்டும். உணர்விழந்து மூச்சு இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சும் நின்றிருந்தால், 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளாலும் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வரை வண்டி வரும் மட்டும் அழுத்த வேண்டும்.

சேலம்–நாமக்கல் சாலையில் லாரி மோதி ஒருவர் கிடந்தால், உதவத் தெரிந்தவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய நேரிடுமே என்று ஒதுங்குவதுண்டு. அப்பயம் இனி வேண்டுவதில்லை. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உதவுவோரைக் காக்கும் விதிகளை உறுதிசெய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது அவ்வுதவியின் பொருட்டு வழக்குத் தொடர அதில் இடமில்லை.

ஆகவே அறியாமை ஒன்றே மீதியிருக்கும் தடை. ஒவ்வொரு கட்சிக் கிளையும், வாசகசாலையும், தொழிற்சங்கமும் ஒரு டாக்டரை அழைத்துத் தம் தொண்டர்களுக்கு இப்பாடத்தைக் கற்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆண்டுதோறும் காந்தி ஜயந்தியன்று படத்துக்கு மாலையிடும் சபைகள், அன்றைத் தினமே அதைத் தொடங்கலாம்.