டேவிட் லிவிங்ஸ்டன்

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் வரைந்த ஆப்பிரிக்கப் படங்களில் கடற்கரையோரம் மட்டுமே ஊர்ப்பெயர்கள் நெருங்கியிருக்கும். நடுப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். அங்கு வாழ்ந்த மக்கள் தம் ஆறுகளையும் ஏரிகளையும் நன்கு அறிந்தேயிருந்தனர், அறியாதார் வெளியுலகத்தாரே. அவ்வறியாமையைப் பெரிதும் போக்கியவர் டேவிட் லிவிங்ஸ்டன்.

அவர் ஸ்காட்லாந்து நாட்டில் பிளான்டயர் என்னும் ஊரில் 1813 ஆம் ஆண்டு பிறந்தார். வறுமையால் பத்தாம் வயதிலேயே பஞ்சாலை வேலைக்குச் சென்றார். நூற்கும் பொறியின்மீது புத்தகத்தை விரித்து வைத்து, வேலைக்கிடையே சிறிது சிறிதாகப் படிப்பார். இவ்வாறு பயின்று மருத்துவரானார். கிறித்தவ சமயத் தொண்டராக 1841 இல் தென்னாப்பிரிக்காவை அடைந்தார்.

1849 இல் கலகாரிப் பாலைநிலத்தைக் கடந்து நகாமி ஏரியைக் கண்டார். பின்னர்க் கண்டத்தின் நடுவிலிருந்து மேற்கே நடந்து, 1854 இல் அத்திலாந்திக் கரையிலுள்ள லுவாண்டாவை அடைந்தார். நோயால் நலிந்திருந்த அவரைத் தாயகம் கொண்டு செல்ல அங்கே கப்பல் இருந்தது. ஆயினும், உடன்வந்த ஆப்பிரிக்கத் தோழர்களை அவர்தம் ஊரிற் சேர்ப்பதாக வாக்களித்திருந்தமையால், அவர் கப்பலேறவில்லை. வந்த வழியே திரும்பினார். அதன்பின் சாம்பசி ஆற்றைப் பின்பற்றிக் கிழக்கே சென்றபோதுதான், 1855 நவம்பரில், பேரருவி ஒன்றைக் கண்டார்.

ஏறத்தாழ 1,700 மீட்டர் அகலமுள்ள அவ்வாறு, 100 மீட்டருக்கும் மிகுந்த ஆழமுடைய குறுகிய பிளவினுள் வீழ்கிறது. வீழ்ந்த நீர் விரிந்தோட இடமின்றி மோதித் திவலையாகி, புகைபோல் வானில் எழுகிறது. அப்பகுதி மக்கள் அதனை, இடியென முழங்கும் புகை என்னும் பொருளில், மோசி-ஓ-துன்யா என்றழைத்தனர். லிவிங்ஸ்டன் தம் அரசியின் பெயரால் விக்டோரியா அருவி என்றார். பழம்பெயரே பொருள் நிறைந்தது என்பதில் ஐயமில்லை.

சாம்பசியைக் கப்பல் வழியாக்கலாம் என்று கருதி, 1858 இல் நீராவிப் படகுடன் மீண்டும் வந்தார். கவோரா பாசா என்னுமிடத்துப் பாறைகளும் விரைவோட்டமும் படகைத் தடுத்தன. முன்னர் அவ்விடத்தை விலகிக் குறுக்கு வழியே நடந்தமையால் அத்தடையை அவர் கண்டிலர். 1859 இல் மலாவி ஏரியை அடைந்தது ஓர் ஆறுதல். 1862 இல் அவர் மனைவி மேரி, அவ்வாற்றங்கரையிலேயே காய்ச்சலால் இறந்தார்.

1866 இல் நைல் ஆற்றின் பிறப்பிடத்தைத் தேடிப் புறப்பட்டார். லுவாலாபா ஆறே நைலின் தலைப்பகுதி என நம்பினார். அதன் கரையிலுள்ள நியாங்வேயில், 1871 இல், அடிமை வணிகரின் ஆட்கள் சந்தைக்கு வந்த மக்களைச் சுட்டு வீழ்த்தியதை நேரிற் கண்டு நெஞ்சம் பதறினார். அவர் எழுதியனுப்பிய செய்தி இங்கிலாந்து மக்களைக் கொதித்தெழச் செய்தது. 1873 சூனில் சன்சிபார்த் தீவின் அடிமைச் சந்தை மூடப்பெற்றது. அதனை அறிய அவர் உயிரோடில்லை. அவ்வாண்டு மே முதல் நாள், பாங்வேலு ஏரியை அடுத்த சிற்றூரில் இறந்திருந்தார்.

லுவாலாபா நைலைச் சேர்ந்ததன்று, காங்கோவின் மேற்பகுதியே என்பதை 1877 இல் ஸ்டான்லி கடல்வரை சென்று நிறுவினார்.

லிவிங்ஸ்டனின் இதயத்தை அவர் இறந்த ஊரிலேயே ஒரு மரத்தடியிற் புதைத்தனர் அவருடைய ஆப்பிரிக்கத் துணைவர்கள். உடலை உலர்த்தித் துணியிற் சுற்றி, சூசி, சூமா என்னும் இருவர் தலைமையில், பல மாதங்கள் நடந்து கடற்கரைக்குச் சுமந்து வந்தனர். 1874 ஏப்பிரலில் அவ்வுடல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சுமந்து வந்த சூசியும் சூமாவும் அப்போது அங்கில்லை.