காவலூர் மலையில் கண்ணாடி வைத்த டாக்டர் வைணு பாப்பு

தங்கவயலில் குடியிருக்கும் பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் பழைய வட ஆர்க்காடு மாவட்டம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருபேட்டையில் வண்டி மாறி, ஜோலார்பேட்டை, வாணியம்பாடி என்று போய் வருகிறவர்கள் ஏராளம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர் வரும். அங்கே காட்டுக்கு நடுவில் நிற்கும் பெரிய டெலஸ்கோப்புக்கு வைணு பாப்பு என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால், பக்கத்து ஊர்க்காரர்களிலேயே பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ந் தேதி சென்னையில் பிறந்தார். கேரளத்தைச் சேர்ந்த குடும்பம். தகப்பனாருக்கு ஐதராபாத்தில் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். ஆகவே பையன் வளர்ந்தது ஐதராபாத்தில், அதுவும் டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில். மற்றப் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்த வயதில் இவர் இரவில் கண் விழித்து, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தார். நிஜாம் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதி வெளியிட்டுவிட்டார்.

ஐதராபாத் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே, 1949ஆம் ஆண்டு ஜூலை 2ந் தேதி, வானத்தைப் படம் எடுத்த தகடு ஒன்றில் புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அவருடன் இருந்த பார்ட் பாக், கார்டன் நியூகிர்க் ஆகியோர் பெயரையும் சேர்த்து, பாப்பு - பாக் - நியூகிர்க் வால் நட்சத்திரம் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த வருடமே டோனஹோ வால் நட்சத்திரப் பதக்கமும் கிடைத்தது. அந்த வருடம் அவருக்கு 22 வயது நிறைந்தது.

டாக்டர் பட்டம் பெற்றதும் கார்னகி நிறுவனத்தின் ஆராய்ச்சி உதவித் தொகை கிடைத்தது. கலிபோர்னியாவில் பாலோமர் மலையில் இருந்த 200 அங்குல டெலஸ்கோப்தான் அந்நாளில் உலகிலேயே பெரியது. அதில் வேலை செய்யும் வாய்ப்பும் வந்தது.

சுரங்கத்துக்கு நேர்மாறு

அங்கே அவர் செய்த வேலையைத் தங்கவயல்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு ஏறும். மேலே வர வரக் குறையும். சாம்பியன் ரீப் சுரங்கத்தின் அடி ஆழத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையும் என்பதும் அதே கணக்குத்தான். சூரியனில் மட்டும் இந்தக் கணக்கு தப்புகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் சூரிய வட்டத்தின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேடு. அதற்கு மேலே போனால் முதலில் 4,000 டிகிரியை ஒட்டிக் குறைகிறது. பிறகு, நெருப்பை விட்டு விலகிப் போகும்போதே, சூடு மறுபடியும் ஏறுகிறது. 10,000 டிகிரியைத் தாண்டி, இன்னும் உயரே போனால் 10 லட்சம் டிகிரிக்கும் மேல் போய்விடுகிறது. இப்படி வெப்பம் திரும்பி ஏறத் தொடங்கும் அடிப்பகுதிக்கு நிறமண்டலம் என்று பெயர். சூரியனின் காற்று மண்டலத்தில் கீழ்த்தட்டு அது. முழுக் கிரகணத்தின்போது கருவட்டத்தின் ஓரத்தில் செக்கச் சிவந்த கோடாகச் சில விநாடிகள் தெரியும்.

கிரகணம் இல்லாத நாளில் அதை எப்படிப் பார்ப்பது? சூரிய வெளிச்சத்தைப் பட்டைக் கண்ணாடி வழியாகப் பிரித்தால் வானவில் நிறங்கள் வரும். அந்த நிறமாலையின் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் ஒரு பொருளின் கைநாட்டு. ஊதா நிறம் முடிந்து, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா தொடங்கும் விளிம்பில் அகலமான இரண்டு கோடுகள் உண்டு. நம் எலும்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் கால்சியம்தான் அவற்றைப் போடுகிறது. எச் கோடு, கே கோடு என்று அவற்றுக்குப் பெயர். கே கோட்டின் நடுவில், கறுப்புக்குள் மெல்லிய வெளிச்சம் ஒன்று இருக்கும். அந்த வெளிச்சம் நிறமண்டலத்திலிருந்து வருகிறது.

சூரியனைப் போலவே மற்ற நட்சத்திரங்களிலும் இந்த வெளிச்சம் உண்டு. ஓலின் வில்சன் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து டாக்டர் பாப்பு அதை அளந்தார். இயல்பிலேயே ஒளி மிகுந்த ராட்சத நட்சத்திரங்களில் அந்த வெளிச்சக் கோடு அகலமாகவும், ஒளி குறைந்த சிறிய நட்சத்திரங்களில் ஒடுக்கமாகவும் இருப்பது தெரிந்தது.

இது ஏன் பெரிய விஷயம்? இருட்டில் தூரத்தே ஒரு விளக்கு தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் கார்டின் கைவிளக்கா, நாலு மைலுக்கு அப்பால் வரும் எஞ்சினின் முன்விளக்கா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. விளக்கின் உண்மையான சக்தி தெரிந்தால்தான் தூரத்தைக் கணக்கிட முடியும். கே கோட்டின் அகலம் நட்சத்திரத்தின் உண்மையான சக்தியைச் சொல்லிவிடுகிறது. 1957ல் இது வெளியாயிற்று. வில்சன் - பாப்பு விளைவு என்று உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களில் இடம் பெற்றது.

இத்தனைக்கும் அது அச்சாவதற்குள் அவர் அமெரிக்காவை விட்டு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

வெறுங்கையுடன் திரும்பியவர்

1953ல் இந்தியா திரும்பினார். 200 அங்குல டெலஸ்கோப்பில் பழகியவருக்கு இங்கே அதற்கு ஈடான எதுவும் காத்திருக்கவில்லை. 1954ல் வாரணாசியில் உத்தரப் பிரதேச சர்க்காரின் புதிய வானாராய்ச்சி நிலையத்தில் பொறுப்பேற்றார். சமவெளித் தூசியில் வானம் தெளியாது என்று கண்டு, அந்த நிலையம் நைனிடால் மலைக்கு மாற்றப்பட்டது. 1960ல் கோடைக்கானல் நிலையத்துக்கு டைரக்டராக வந்தார். அப்போதும் வயது 33ஐத் தாண்டவில்லை.

கோடைக்கானல் நிலையத்தின் கதையும் நம்மவர்களைத் தொட்டுப் போவதுதான். தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் சர்க்காருக்கு வந்தது. அதன் விளைவாக 1899ல் ஏற்பட்டது அந்த நிலையம். 1909ல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர், கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களிலிருந்து கே கோட்டின் வெளிச்சத்தில் சூரியனைப் படம் எடுத்து வந்தார்கள். டாக்டர் பாப்பு அந்தப் பழைய தகடுகளின் அருமை அறிந்தவர். தம் சகாக்களுடன் நிறமண்டல ஆராய்ச்சியை அங்கே தொடர்ந்தார். நட்சத்திரத்தில் கண்டதைச் சூரியனில் கிட்டே நின்று சோதித்த மாதிரி.

ஆனால் பகலில் சூரியனுக்கு உதவிய கோடைக்கானல், இரவில் நட்சத்திரங்களுக்கு உதவவில்லை. மேகம் அதிகம். தென்னாட்டு மலைகளையெல்லாம் அலசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் காவலூர். உயரம் சுமார் 725 மீட்டர்தான். ஆனால் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் தெற்கு வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம். நகர விளக்குகளின் தொல்லையும் இல்லை. 1968ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் அங்கே வேலை தொடங்கிற்று. கோடைக்கானல் பட்டறையில் செய்தது அது. 1972ல் ஜெர்மனியிலிருந்து வந்த 102 சென்டிமீட்டர் டெலஸ்கோப் அமைந்தது. அந்த வருடமே வியாழனின் சந்திரனான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூரில் அளந்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் என்ற முதல் தடயங்களில் அது ஒன்று.

1971ல் கோடைக்கானல் நிலையம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. அதன் தலைமையிடம் பெங்களூர். அதன் முதல் டைரக்டரும் அவரே.

பிறகு வந்தது அவர் உயிரையே வைத்த காரியம். 2.34 மீட்டர் டெலஸ்கோப் ஒன்றை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்றார். பணம் கொடுத்தால் வெளிநாட்டில் முழுதாகவே வாங்கலாம். அவர் சம்மதிக்கவில்லை. கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்துக் குழித்து மெருகேற்றியது பெங்களூரில், ஏ.பி. ஜெயராஜன் குழுவினர். இரும்பு வேலை வால்சந்த் நகரில் நடந்தது. இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. கடையில் வாங்கியிருந்தால் சில வருடம் முன்னதாகவே நட்சத்திரம் பார்த்திருக்கலாம். ஆனால் கண்ணாடி தேய்க்கத் தெரிந்த கைகள் இந்த நாட்டில் உண்டாகியிருக்காது. தம்முடைய ஆராய்ச்சிக்கு ஆகியிருக்க வேண்டிய நடுவயதை அவர் பட்டறைகளுக்கும் பைல்களுக்கும் கொடுத்தார். அது பெரிய விலைதான்.

1979ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1981ல் பத்ம பூஷண் விருது. 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டில் பத்ராஸ் நகரில் கூடிய சங்க மாநாட்டில் அவர் தலைமை வகித்திருக்க வேண்டும். இதய நோய்க்காக மேற்கு ஜெர்மனியில் மியூனிக் நகர ஆஸ்பத்திரியில் சேர்ந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 19ந் தேதி, மியூனிக்கில் காலமானார். 55 வயது நிறைந்து ஒன்பதே நாட்கள்.

பெரிய டெலஸ்கோப் அப்போது முடிந்திருக்கவில்லை. மீதி வேலையை அவர் சகாக்கள் முடித்தார்கள். 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, டெலஸ்கோப்புக்கும் நிலையத்துக்கும் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். வானத்தில் 2596ஆம் எண்ணுள்ள சிறு கோளுக்கும் அவர் பெயர்தான்.

புற ஊதா ஒளியின் பெரும் பகுதியைப் பூமியின் காற்று தடுத்துவிடுகிறது. எந்த மலையில் ஏறினாலும் அது கிட்டாது. அதனால் டாக்டர் பாப்பு அதன் வாசற்படியிலுள்ள கே கோட்டோடு நிற்க வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அந்த ஒளியில் நிறமண்டலத்தைப் படம் எடுக்கிறது. அதில் கால்சியத்தின் எச் கோட்டுக்கென்றே ஒரு வடிகண்ணாடி இருக்கிறது. அதே விண்கலத்தில் சூரியனின் வெளி மண்டலத்தைப் பார்க்கும் கருவியைச் செய்து கொடுத்தது, அவர் தொடங்கிய பெங்களூர் நிறுவனம். அதை உருவாக்கிச் சோதித்த இடம் ஒசக்கோட்டை; தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தாண்டிப் போகும் ஊர்.