67 கோடிக்குப் போன ஓவியம்... அதில் அப்படி என்ன இருக்கு?

மனிதர் இல்லை, மரம் இல்லை, தலைப்புகூட இல்லை. 1970-ல் வரைந்த அந்த ஓவியம் 2025 செப்டம்பரில் 67.08 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. வரைந்தவர் வி.எஸ். கைதொண்டே. அந்தப் பணத்தைப் பார்க்க அவர் இல்லை. இருந்திருந்தாலும் பெரிதாகக் கண்டுகொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்!

1924-ல் நாக்பூரில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார். ஹுசைன், ரஸா வட்டத்தோடு பழகினாலும் எப்போதும் தனி ஆள். ஆரம்பத்தில் உருவங்களைத்தான் வரைந்தார். 1950-களின் கடைசியில் அவை காணாமல் போயின. ஜென் பௌத்தமும் ரமண மகரிஷியும் அவரை ஈர்த்தார்கள்.

தூரிகையை ஓரம் வைத்துவிட்டு ரோலரையும் பேலட் கத்தியையும் எடுத்தார். பெயின்ட் பூசுவார், சுரண்டுவார், மேலே இன்னொரு அடுக்கு. கிழித்த காகிதத்தை ஈரத்தில் ஒட்டி உரிப்பார். தடம் மட்டும் தங்கிவிடும். காரை பெயர்ந்த பழைய சுவர் மாதிரி, அடியிலுள்ள நிறம் மெதுவாகத்தான் கண்ணுக்கு வரும். போன் திரையில் இதெல்லாம் தெரியாது.

இதை 'அப்ஸ்ட்ராக்ட்' என்றால் அவருக்குப் பிடிக்காது. ஒரு பொருளைப் பார்த்து, அதைச் சுருக்கினால்தானே அப்ஸ்ட்ராக்ட்? அவர் எந்தப் பொருளிலிருந்தும் தொடங்கவில்லை. அதனால் 'நான்-அப்ஜெக்டிவ்' என்றார். வருஷத்துக்கு ஐந்தாறு ஓவியங்கள்தான்; மீதி நேரமெல்லாம் யோசனை.

1984-ல் ஒரு விபத்து. பெரிய கேன்வாஸ் முன்னால் நிற்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. டெல்லி நிஜாமுதீனில் சின்ன மாடி வீட்டில், காகிதத்தில் இங்க் ஓவியங்கள் வரைந்தார். 2001-ல் இறந்தார். நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது 2014-ல்.