வானில் மீண்டும் எழுந்த இந்திரலால் ரோய்

தோல்வியுற்ற ஒருவர் மறுபடியும் மாணவராதல் எளிதன்று. இறந்தாரெனப் பிறர் கைவிட்டபின் எழுந்து, அதே தொழிலை மீளக் கற்றல் அதனினும் அரிது. அவ்வாறு கற்ற இளைஞர் ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரில் வரைதல் பொருத்தமென எண்ணுகின்றோம்.

இந்திரலால் ரோய் 1898 டிசெம்பர் 2 ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். இலண்டனிற் கல்வி பயின்ற ரோய், முதலாம் உலகப்போர் நிகழ்ந்த 1917 இல், தமது பதினெட்டாம் வயதிற் பிரித்தானியப் பறக்கும் படையிற் சேர்ந்தார்.

அக்காலத்து விமானிகள் மெய்ப்போருக்குமுன் போலிப்போர் பழகினர். தோழர் ஒருவர் பகைவராக நின்று வானில் எதிர்ப்பார். ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்து வளைக்க முயல்வர். துப்பாக்கி வடிவில் அமைந்த நிழற்படக் கருவியும் பயிற்சியிற் பயன்பட்டது. விசையை அழுத்தினாற் குண்டு பாயாது, படம் பதியும். தரையிறங்கியபின் அப்படத்தைப் பார்த்துக் குறி தப்பியதோ தைத்ததோ என அறிவர். தோற்றவர் உயிருடனிருந்து தம் பிழையைக் கண்டு திருந்துவதே இப்பயிற்சியின் பெரும்பயன்.

1917 ஒக்டோபர் இறுதியில் ரோய் பிரான்சிலிருந்த 56 ஆம் அணியை அடைந்தார். ஆறு கிழமைகள் நிறையுமுன், டிசெம்பர் 6 ஆம் நாள், அவரது விமானம் தரையில் மோதிற்று. இறந்தாரெனக் கருதிப் பிணவறையிற் கிடத்தினர் என்றும், நினைவு திரும்பிய அவர் கதவைத் தட்டினார் என்றும் கூறுவர். இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட ரோய் மீண்டும் பயிற்சி பெற்றார். ஓய்வு நாட்களில் விமானங்களை ஓவியமாக வரைந்தார். பறக்கத் தகுதியற்றவரென மருத்துவர் விலக்கியபோதும், மேலதிகாரிகளை வேண்டி இணங்கச் செய்தார்.

1918 யூன் மாதம் 40 ஆம் அணியில், ஜோர்ஜ் மக்கெல்றோய் என்னும் தலைவரின் கீழ் அமர்ந்தார். மக்கெல்றோய், எட்வேட் மனொக் என்னும் பெருவீரரின் வழிகாட்டலில் தேறியவர். இவ்வாறு ஆசிரியர் மரபொன்று ரோய்க்கு வாய்த்தது. யூலை 6 முதல் 19 வரையுள்ள பதினான்கு நாட்களிற் பத்து வெற்றிகள் அவர் பெயரிற் பதிவாயின. யூலை 8 ஆம் நாள் நான்கு மணி நேரத்துள் மூன்று!

ஆயினும் பயிற்சி உயிருக்குக் காப்புறுதி ஆகாது. யூலை 22 ஆம் நாள் யேர்மன் விமானங்களுடன் பொருது ரோய் மாண்டார், வயது பத்தொன்பதே. 26 ஆம் நாள் மனொக்கும் 31 ஆம் நாள் மக்கெல்றோயும் வீழ்ந்தனர். மாணவரும் ஆசிரியரும் ஆசிரியரின் ஆசிரியரும் பத்து நாட்களுள் மறைந்த இத்துயரை நினைக்குந்தோறும், போரைப் புகழ எம் நா எழவில்லை. ரோய்க்குச் சிறப்புப் பறத்தற் சிலுவை விருது இறப்பின் பின்னரே வழங்கப்பட்டது.

அவர் பழகிய கலையோ வளர்ந்தது. 1969 இல் அமெரிக்கக் கடற்படை இதற்கெனத் தனிப்பள்ளி நிறுவி, தன் சிறு விமானங்களையே பகைவர் விமானங்கள்போற் பறக்கவிட்டு வீரரைப் பழக்கிற்று. இந்திய விமானப்படையும் 1971 இல் போர்முறைப் பயிற்சிக்கெனத் தனி அணி அமைத்தது.

நோர்வூட் மலைத்தோட்டங்களிலே கல்வியைத் தவிர வேறு ஏணி இல்லாத இல்லங்கள் பல. அங்கே பிள்ளையின் ஒரு தோல்வி, படிப்பின் முடிவாகிவிடுதல் உண்டு. அது முடிவாகாமற் காப்பது ஆசிரியர் கடன். பழைய மாணவராகிய எமக்கும் அதிற் பங்குண்டு. வகுப்பறை, தோற்றவர் எழுந்து மீண்டும் பயிலற்குரிய களம். வீழ்ந்த மாணவனுக்கு இன்னொரு தவணை கிடைக்குமாறு கைகொடுப்போமாக.