அண்ணல் அம்பேத்கரும் அரசியல் நூல்களும்

மாதுங்காவிலிருந்து தாதர் நோக்கி நடந்து செல்வோர் இந்து காலனியில் இராஜகிருகம் என்னும் இல்லத்தைக் காண்பர். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் டிசம்பர் 6ஆம் நாள் சைத்திய பூமிக்குச் செல்லுங்கால் அவ்வில்லத்தையும் கண்டு வணங்கி மீள்வது வழக்கம். மகதத்தின் பழைய தலைநகரும், பகவர் பரிநிர்வாணம் எய்தியபின் முதற் சங்கம் கூடிய இடமுமாகிய நகரத்தின் பெயரையே அண்ணல் அம்பேத்கர் தம் இல்லத்துக்குச் சூட்டினார். 1930களின் தொடக்கத்தில் எழுந்த அவ்வில்லத்தில் கீழ்த்தளம் குடும்பத்துக்கு, மேல்மாடி நூல்களுக்கு. அங்கு ஐம்பதாயிரம் நூல்கள் இருந்தன என்று பொதுவாகக் கூறுவர். எண்ணிக்கை எவ்வாறாயினும், அரசியல், பொருளாதாரம், சட்டம், உலக வரலாறு ஆகிய துறைகளில் அந்நாளில் இந்தியாவில் தனி மனிதர் ஒருவர் அத்தகைய தொகுதியைச் சேர்த்தது அரிதே.

நம் இளைஞருள் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புகின்றனர். வாழ்நாளெல்லாம் அரசியல் நூல்களில் மூழ்கியிருந்த பெருந்தகை முடிவில் சமயத்துக்குள் புகுந்தது ஏன், அது போராட்டத்தினின்று ஒதுங்கியதாகாதா என்று வினவுகின்றனர். உபாசகருள் சிலரோ இதற்கு நேர்மாறாக, திரிசரணம் ஏற்றபின் அரசியல் நூல் எதற்கு என்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது நம் கருத்து. அண்ணலின் வாழ்க்கையை அவர் கற்ற நூல்களின் வழியாகவும் எழுதிய நூல்களின் வழியாகவும் நோக்கினால் இது விளங்கும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மௌ என்னும் படைநகரில் அவர் பிறந்தார். தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பால் ஓய்வு பெற்றபின் குடும்பம் பம்பாய் வந்து பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் சிற்றறையில் தங்கியது. மகன் கேட்ட நூல்களை வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற புதல்வியரிடம் நகையை இரவல் பெற்று, அதை அடகு வைத்து நூலை வாங்கி வருவார் தந்தையார். ஓய்வூதியம் வந்ததும் நகை மீட்கப்படும். அறை சிறியதாகலின், அனைவரும் உறங்கியபின் இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். நம் குடியிருப்புகளில் பத்துக்குப் பத்து அறையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பள்ளித் தேர்ச்சியைப் பாராட்டிச் சமூகத்தார் கூடிய கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளூஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாக அளித்தார். அதனைக் கற்று உள்ளம் நெகிழ்ந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே அரசியல் நூல்கள் அவர் கைக்கு வருமுன்னரே பகவரின் வாழ்க்கை வந்துவிட்டது. இந்த முறைவைப்பை நம் இளைஞர் மறந்துவிடுகின்றனர்.

1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்று, பரோடா மன்னரின் உதவியால் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். மக்களாட்சி என்பது அரசாங்க அமைப்பு மட்டுமன்று, கூடி வாழும் முறை என்று கற்பித்த ஜான் டூயி அங்கு அவர்தம் ஆசிரியர்; பொருளாதாரத்தில் செலிக்மன். உணவைச் சுருக்கி மிச்சப்படுத்திய காசில் பழைய நூற்கடைகளில் சுமார் 2,000 நூல்களை வாங்கினார். அவற்றுள் பல இந்தியா வந்து சேரவில்லை. முதல் உலகப் போர் நடந்த 1917இல் அவர் இலண்டனிலிருந்து ஒரு கப்பலில் வந்தார். பெட்டிகள் வேறொரு கப்பலில் வந்தன. பெட்டிகள் வந்த கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு கடலில் ஆழ்ந்தது. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம் வீட்டுச் செலவுக்கு உதவியது என்றால், அன்று அக்குடும்பம் இருந்த நிலையை நாம் உணரலாம். பரோடாவில் பணி ஏற்கச் சென்றவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியுடன் வந்தோர் வெளியேற்றினர். உலகின் உயர்ந்த அரசியல் நூல்களைக் கற்றவர் அந்நகரில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதார்.

பம்பாய் திரும்பி 1918இல் சிடனம் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியரானார். அவ்வாண்டு அவர் எழுதிய ஒரு நூல் மதிப்புரை நம்மவரால் அதிகம் பேசப்படுவதில்லை. ஆங்கில அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் போர்க்காலத்தில் எழுதிய சமுதாய மறுசீரமைப்பு நூலைப் பற்றியது அது. ரஸ்ஸல் போரை எதிர்த்தார் என்பதைக் கொண்டு, செயலற்று அடங்கியிருப்பதே சிறந்தது என்று இந்திய வாசகர் பொருள் கொண்டுவிடலாகாது என அதில் அண்ணல் எச்சரிக்கிறார். ஆற்றலை ஆக்கத்துக்குப் பயன்படுத்துவது வேறு, வன்முறையாக வீணாக்குவது வேறு என்று டூயியின் வழிநின்று பிரித்துக் காட்டுகிறார். இருபத்தேழு வயதில் எழுதிய இம்மதிப்புரைக்கு நாம் பின்னர்த் திரும்பி வருவோம்.

மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் ரூபாய்ச் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டமும், வழக்கறிஞர் தகுதியும் பெற்றுத் திரும்பினார். அந்த ஆண்டுகளில் பரேல் வீட்டை வறுமையோடு நடத்தியவர் இரமாபாய் அம்மையார். மக்கள் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்த அத்தாய், இராஜகிருகத்தில் நெடுநாள் வாழாமல் 1935 மே மாதம் மறைந்தார். மேல்மாடியில் அடுக்கப்பட்ட நூல்களுக்கு அவர் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

மகாத் குளம், வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம் ஆகியவற்றை நம் அன்பர்கள் நன்கறிவராதலின் இங்கு விரிக்கவில்லை. 1936இல் வெளிவந்த சாதி ஒழிப்பு நூலுக்கு வருவோம். லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் என்னும் அமைப்பு அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் கருத்துகளைக் கண்டு அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. அண்ணல் அதனைத் தம் செலவில் அச்சிட்டார். 1,500 படிகளும் இரண்டு திங்களில் தீர்ந்தன. மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் நூல் பெயர்க்கப்பட்டுவிட்டதாகவும், மராத்தி உள்ளிட்ட வேறு மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருவதாகவும் குறிப்பிடுகிறார். அத்தமிழாக்கம் பெரியார் ஈ.வெ.ரா.வின் குடி அரசு வாயிலாக வந்ததாகும். அவர் எழுத்து மராத்திக்கு முன்னரே தமிழுக்கு வந்தது என்பதில் நாம் சற்றுப் பெருமை கொள்வது குற்றமாகாது.

அந்நூலில் ரோமாபுரியின் எளிய குடிகளும், லூதரின் சமயச் சீர்திருத்தமும், லசால் என்னும் ஜெர்மானியச் சமதர்மியின் கருத்தும் வருகின்றன. இவற்றை அலங்காரத்துக்காக அவர் எடுத்தாளவில்லை. அரசியல் புரட்சிக்கு முன் சமய, சமுதாய மாறுதல் நிகழ்ந்துள்ளது என்பதை நிறுவுதற்கே எடுத்தாண்டார். பொருளாதாரச் சமத்துவம் வந்தால் சாதி தானே அழியும் என்ற சமதர்மிகளுக்கு அவர் கூறிய மறுமொழி தெளிவானது. சாதி, உழைப்பைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, உழைப்பாளரையே படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. புரட்சிக்கு முன்னரோ பின்னரோ அதனை எதிர்கொண்டே ஆகவேண்டும். ஆயினும் தொழிலாளர் பக்கம் நிற்க அவர் தயங்கவில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைக் கண்டார். 1938 நவம்பர் 7ஆம் நாள் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் பொதுவுடைமைக் கட்சியினரோடு சேர்ந்தே வேலைநிறுத்தம் நடத்தினார்.

உலக நடப்பை அவர் கற்ற முறைக்குச் சான்று பாகிஸ்தான் பற்றி 1940இல் வெளியிட்ட நூல். துருக்கியும் செக்கோஸ்லோவாக்கியாவும் சிதைந்த வரலாறுகளை ஆராய்ந்து, அவற்றினின்று இந்தியாவுக்குரிய படிப்பினையைத் தேடினார். 1944இல் காந்தியடிகளும் ஜின்னாவும் பேச்சு நடத்தியபோது இருவருமே அந்நூலை எடுத்துக்காட்டினர். 1947இல் மாகாணங்களும் சிறுபான்மையினரும் என்னும் அறிக்கையில், முக்கியத் தொழில்களும் காப்பீடும் வேளாண்மையும் அரசின் உடைமையாதல் வேண்டுமென்றும், அதனை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டுமென்றும் கூறினார். சர்வாதிகாரம் இன்றியே சமதர்மம் நிலைக்க வழி காண்பதே அவர்தம் நோக்கம். இவ்வளவும் எழுதியவரை மார்க்சைக் கல்லாதவர் என்று கூறுவோர், தாமே அவரைக் கல்லாதவராவர்.

இக்காலத்திலேயே தமிழகத்துப் பௌத்தத்தின் பக்கமும் அவர் பார்வை சென்றது. அயோத்திதாசப் பண்டிதர் வழியில் சென்னையில் தம்மப் பணி ஆற்றிய பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் என்னும் நூல் கிடைத்தற்கரியதாயிற்று. அண்ணல் முன்னுரை எழுதி 1948இல் அதன் மூன்றாம் பதிப்பைப் பம்பாயிலிருந்து வெளிவரச் செய்தார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைமைப் பணி தோளை அழுத்திய காலம் அது. மறு ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், பிக்கு சங்கத்தில் தீர்மானம் கொணர்தலும், வாக்கெடுப்பும், நடைமுறை விதிகளும் இருந்தமையை நினைவூட்டினார். 1954 அக்டோபரில் வானொலி உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியினின்று கடன் வாங்கவில்லை, புத்தரின் போதனையினின்றே பெற்றதாகத் தெரிவித்தார்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீக்ஷை பெற்றார். அவ்வாண்டிலேயே பம்பாயில் அரசியலுக்கு வருவோருக்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் தொடங்கியிருந்தார். போராட்டத்தினின்று ஒதுங்குகிறவர் இதனைச் செய்வாரா? நவம்பரில் காட்மாண்டு நகரில் உலகப் பௌத்தர் மாநாட்டில் புத்தரையும் கார்ல் மார்க்சையும் ஒப்பிட்டு உரை நிகழ்த்தினார். இதே பொருளில் அவர் எழுதிவைத்த கட்டுரையும் உண்டு. உலகைச் சீரமைப்பதே தத்துவத்தின் பணி; வகுப்புகளிடையே நலமுரண் உண்டு; தனியுடைமை ஒருவர்க்கு வலிமையும் மற்றவர்க்குத் துன்பமும் தருகிறது; அத்துன்பம் நீங்கல் வேண்டும். மார்க்சியத்தில் எஞ்சிய இவற்றுள் புத்தர் முரண்படவில்லை என்பது அவர் துணிபு. பிக்கு வைத்துக்கொள்ளத்தக்க பொருள்களுக்குச் சங்கம் விதித்த எல்லை, ருஷ்யாவின் பொதுவுடைமையினும் கடுமையானது என்கிறார். வேறுபாடு வழியில்தான். வன்முறையாலும் சர்வாதிகாரத்தாலும் பெற்ற சமத்துவம், அக்கட்டாயம் தளரும் நாளில் எதனால் நிற்கும்? மனிதன் தானே விரும்பி நேரிய வழியில் நடக்குமாறு மனத்தை மாற்றும் தம்மம் ஒன்றே அங்கு எஞ்சும். ஆற்றலையும் வன்முறையையும் பிரித்துக் காட்டிய 1918ஆம் ஆண்டு மதிப்புரையை இதனோடு வைத்துக் கற்போர், முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரே வினா வளர்ந்து வந்ததைக் காண்பர். அவர் அவ்வாறு எழுதி முப்பத்தைந்தே ஆண்டுகளில், 1991இல், சோவியத் ஒன்றியம் கலைந்தது.

டிசம்பர் 5ஆம் நாள் இரவு, தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலின் முன்னுரைத் தாள்களைத் தருவித்துத் திருத்த வைத்துக்கொண்டார். மறுநாட் காலையில் அவர் எழவில்லை. உடல் பம்பாய் வந்து இராஜகிருகத்தில் வைக்கப்பட்டது. 7ஆம் நாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அங்கேயே ஆனந்த கௌசல்யாயன தேரரிடம் இலட்சம் பேர் திரிசரணம் ஏற்றனர். நூல் 1957இல் சித்தார்த்தா கல்லூரி வெளியீடாக வந்தது. பெரியார்தாசன் அதனைத் தமிழாக்கினார். புத்தரா கார்ல் மார்க்சா என்ற கட்டுரையோ கையெழுத்துத் தாளாகவே கிடந்து, 1987இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுதியில்தான் அச்சேறியது. இன்று அத்தொகுதிகள் தமிழிலும் கிடைக்கின்றன.