தூண்டில்கோலும் எழுதுகோலும்: ரிச்சர்டு வாக்கர் (1918–1985)

கண்ணுக்குக் கயலையும் கெண்டையையும் உவமை கூறுதல் தமிழ்ப் புலவர்க்கு வழிவழி வந்த மரபு. பெண்ணின் கண்ணில் கெண்டையைக் கண்ட கவிஞர் பலர். கெண்டையின் கண்ணுக்குக் கரையில் நிற்கும் மனிதர் எவ்வாறு தோன்றுவர் என வினவியவர் மிகச் சிலர். அவ்வினாவை எழுப்பி, விடையையும் ஆராய்ந்து, கண்டதை எவர்க்கும் விளங்கும் உரைநடையில் எழுதிவைத்தவர் இங்கிலாந்து நாட்டவரான ரிச்சர்டு வாக்கர். பொழுதுபோக்கு என மதிக்கப்பட்ட தூண்டில் மீன்பிடிப்பை ஆராய்ச்சிக்குரிய துறையாகவும் நல்லெழுத்துக்குரிய துறையாகவும் உயர்த்தியவர் அவர்.

வாக்கரின் வாழ்வோடு பிணைந்த மீன் கார்ப் எனப்படும் பெருங்கெண்டை. நம் நாட்டுக் கெண்டையும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு மீன்துறையினர் இதனைச் சாதாக் கெண்டை என்பர். 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொணர்ந்து உதகை ஏரியில் விடப்பெற்றதும் இவ்வினமே. குளத்தின் அடிச்சேற்றைக் கிளறி இரை தேடுவது இதன் இயல்பு. நெடுநாள் வாழ்வது, வாழுங்காலமெல்லாம் வளர்வது, சிறு அசைவுக்கும் அஞ்சி விலகுவது. இக்காரணங்களால் முதிர்ந்த பெருங்கெண்டையைத் தூண்டிலால் பிடித்தல் மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணம் இங்கிலாந்தில் நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. எப்போதாவது ஒன்று அகப்பட்டால் அதனைத் திறமையின் பயன் என்று கொள்ளாமல் நற்பேறு என்றே கொண்டனர்.

இளமையும் கல்வியும்

ரிச்சர்டு ஸ்டூவர்ட் வாக்கர் 1918ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்து ஹிச்சின் நகரில் பிறந்தார். சிறுவயதில் அவர் கையில் தூண்டிலைக் கொடுத்துப் பழக்கியவர் பாட்டனார். பள்ளிக் கல்விக்குப் பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கெய்ஸ் கல்லூரியில் பொறியியல் பயின்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தி ஆய்வு நிலையத்தில் ரேடார் கருவிகள் தொடர்பான பணியில் ஈடுபட்டார். போருக்குப் பின் லெட்ச்வொர்த் நகரில் புல்வெட்டும் எந்திரங்கள் செய்யும் தொழிலகத்தில் பொறியாளராக விளங்கினார்.

இப்பொறியியல் பின்புலம் வாக்கரின் எழுத்தை அறிதற்கு இன்றியமையாதது. கருவி பழுதுற்றால் பொறியாளர் ஊழை நோவதில்லை. எந்த உறுப்பில் குறை என்று தேடுவார். மீன் அகப்படாத நாளிலும் வாக்கர் அவ்வாறே செய்தார். மீன் அங்கே இருந்ததா, இருந்தும் அஞ்சி ஓடியதா, அஞ்சாதிருந்தும் இரையை வெறுத்ததா, இரையை விரும்பியும் கருவி கைவிட்டதா எனப் படிப்படியாக வினவினார். தற்செயல் என்று பிறர் கைவிட்ட இடத்தில் அவர் காரணத்தைத் தேடினார்.

இரு நோக்குகள்

1950ஆம் ஆண்டு பி.பி. என்னும் புனைபெயரில் எழுதிய டெனிஸ் வாட்கின்ஸ்–பிட்ச்ஃபர்ட், கெண்டை பிடிப்போரின் அனுபவங்கள் அடங்கிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் ஓவியர், சிறுவர் இலக்கியத்துக்காகக் கார்னகி பதக்கம் பெற்றவர். அவர்தம் நூலில் கெண்டைக் குளம் மறைபொருள் நிறைந்த இடமாகக் காட்சி தருகிறது. பாசி படர்ந்த நீர், அந்திப் பொழுது, பழைய மாளிகை ஓரத்து ஆழ்மடு, அதன் அடியில் மனிதர் காணாத முதுமீன் என விரியும் அவ்வுலகில் மீனைப் பிடிப்பதினும் காத்திருத்தலே இன்பம்.

வாக்கர் அந்நூலை விரும்பினார். ஆசிரியரோடு நட்பும் பூண்டார். ஆயினும் அவர் சென்ற வழி வேறு. குளத்தின் அழகை அவரும் அறிவார். அவ்வழகைக் கண்டு வியந்தபின், நீருக்குள் நடப்பது யாது என அறிய விழைந்தார். இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று பகைக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. 1951 அளவில் வாக்கரும் அவர் நண்பர் மாரிஸ் இங்காமும் கெண்டை பிடிப்போர் கழகம் என்னும் சிறு வட்டத்தைத் தோற்றுவித்தபோது, பி.பி.யும் அதில் இடம்பெற்றார்.

அவ்வட்டத்தின் உறுப்பினர் மிகச் சிலரே. வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்த அவர்களைச் சுற்றுக் கடிதம் இணைத்தது. ஒருவர் தாம் கண்டதையும் செய்ததையும் எழுதி அடுத்தவர்க்கு அனுப்புவார். அவர் தம் பகுதியைச் சேர்த்து மற்றவர்க்கு அனுப்புவார். வெற்றியைப் போலவே தோல்வியும் அதில் பதிவாயிற்று. வாக்கரும் இங்காமும் எழுதிக்கொண்ட மடல்களே பின்னர் 1953இல் நூல் வடிவமும் பெற்றன. நண்பர்க்கு எழுதும் கடிதத்தில் வீண் பெருமைக்கு இடமில்லை. வாக்கரின் உரைநடையில் காணப்பெறும் நேர்மைக்கு இக்கடிதப் பயிற்சி நல்ல நாற்றங்கால் ஆயிற்று எனலாம்.

ரெட்மயர் குளம்

ஹெர்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் ரெட்மயர் என வழங்கும் சிறு குளம் உண்டு. மூன்று ஏக்கர் அளவினதே. 1934ஆம் ஆண்டில் நீர்ப்பாசியைக் கட்டுப்படுத்தும் பொருட்டு டொனால்ட் லெனி என்னும் மீன்வளர்ப்பாளர் வழங்கிய 50 இளங்கெண்டைகள் அதில் விடப்பட்டன. விரைந்து வளரும் இனத்தைச் சேர்ந்த அவை, எவர் கவனத்தையும் ஈர்க்காமல் பதினேழு ஆண்டுகள் அங்கு வளர்ந்தன.

அந்நாளில் தூண்டிலில் பிடிபட்ட பெருங்கெண்டைக்கு 1930இல் ஆல்பர்ட் பக்லி பிடித்த 26 பவுண்டு மீனே எல்லையாகக் கருதப்பட்டது. 1951 அக்டோபர் 3ஆம் நாள் பாப் ரிச்சர்ட்ஸ் என்பவர் ரெட்மயரில் பிடித்த மீன் 31¼ பவுண்டு இருந்தது. அவர்வழிக் குளத்தின் சிறப்பு கழகத்தார்க்குத் தெரியவந்தது.

1952 செப்டம்பர் 13ஆம் நாள் விடியற்குமுன் வாக்கர் அக்குளக்கரையில் இருந்தார். உடனிருந்தவர் நண்பர் பீட் தாமஸ். இருளில் மிதப்பைக் காண இயலாது. ஆகவே தூண்டில் நூல் இழுபட்டதும் ஒலி எழுப்பும் மின்கருவி ஒன்றை வாக்கர் அமைத்திருந்தார். முள்ளில் கோத்த இரை ரொட்டியே. மேலோட்டும் பிசைந்த மாவும் அளவாகச் சேர்ந்து, குளத்தடிப் பாசியில் புதையாமல் தங்குமாறு அது எடை பார்த்து இணைக்கப்பட்டிருந்தது. கருவி ஒலித்தது. இருளில் நெடுநேரம் போராடிக் கரைசேர்த்த மீனை நிறுத்தபோது 44 பவுண்டு இருந்தது. ஏறத்தாழ 20 கிலோகிராம். முந்தைய எல்லையை அது ஏறக்குறைய 13 பவுண்டு விஞ்சியது.

நல்லூழ் என்று இதனை எவரும் தள்ளிவிட இயலவில்லை. அக்கோலை வடிவமைத்தவர் வாக்கர். ஒலிக்கருவியை அமைத்தவரும் அவரே. இரையின் எடை, இடம், பொழுது யாவும் முன்கூட்டி எண்ணித் தேர்ந்தவை. பெருங்கெண்டை அகப்படாது என்ற நெடுநாள் நம்பிக்கை அவ்விடியலில் தளர்ந்தது.

அம்மீனைக் கொல்ல வாக்கர் விரும்பவில்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குச் செய்தி சொல்லப்பட்டது. அவர்கள் வண்டி அனுப்பி மீனை உயிரோடு கொண்டுசென்றனர். வாக்கர் அதற்கு ராவியோலி எனப் பெயரிட்டார்; மக்களோ கிளாரிஸா என்றே அழைத்தனர். 1971 வரை, ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள், அது காட்சிசாலையின் கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்தது.

இந்நிகழ்ச்சியில் உவகையோடு ஒரு நெருடலும் கலந்திருக்கிறது. கெண்டை என்பது உண்மையில் எவ்வளவு வளரும் என்பதை நாடு கண்ணாரக் கண்டது. அதனைப் பார்த்தே தூண்டிலை ஏந்திய சிறுவர் உண்டு. மறுபுறம், எவர் கண்ணிலும் படாமல் வாழ்ந்த மீன் எந்நேரமும் பலர் பார்வைக்கு உரியதாயிற்று. பிடித்த பெருங்கெண்டையைப் படமெடுத்து, நிறுத்து, மீண்டும் அதே நீரில் விடுதல் பின்னாளில் இங்கிலாந்தில் பொதுவழக்கம் ஆயிற்று. அவ்வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு நோக்குவார்க்கு 1952இன் செயல் குறையுடையதாகத் தோன்றலாம். ஆயின், பிடித்ததைக் கொன்று பாடம் செய்து கண்ணாடிப் பேழையில் வைத்தல் பெருமையாகக் கருதப்பட்ட மரபில் வந்த ஒருவர் உயிரைக் காத்தார் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

மறைக்காத எழுத்து

வித்தை கற்பிக்கும் ஆசான் இறுதி வித்தை ஒன்றைத் தமக்கென ஒளித்துவைப்பார் என்பது நம்மிடையே வழங்கும் கூற்று. தூண்டில்காரர்களிடமும் இவ்வியல்பு மிகுதி. இரையின் சேர்மானத்தையும் மீன் இருக்கும் இடத்தையும் தம் பிள்ளைக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாதவர் பலர். வாக்கரின் எழுத்துப்பணி இதற்கு நேர்மாறானது. தூண்டில்கோலை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைச் சாதாரணர்க்கு விளக்கும் நூலை 1952இல் வெளியிட்டார். மூங்கிலை ஆறு பட்டைகளாகச் சீவி, நுனி நோக்கிச் சிறுக்கச் செய்து, ஒட்டிக் கோலாக்கும் தொழில்நுட்பம் அதனால் பலர்க்கும் கைவந்தது. கெண்டைக்கென அவர் வடிவமைத்த பத்தடிக் கோல், நான்காம் வகை எனப் பொருள்படும் மார்க் ஃபோர் என்னும் பெயரால் புகழ்பெற்றது. நூல் முறுக்கிக்கொள்ளாமல் நெடுந்தொலைவு வீசுதற்கு ஏற்ற பேரிக்காய் வடிவ ஈயக் குண்டு ஒன்றையும் அமைத்தார். ஆர்லசி ஏரியில் பயன்படுத்துதற்கென அமைத்தமையால் அது அவ்வூர்ப் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

1953இல் வெளிவந்த, தேங்குநீரில் தூண்டிலிடுதல் பற்றிய பெருநூல் வாக்கரின் தலையாய படைப்பு. ஒழுங்குமுறை அந்நூலின் உயிர். முதலில் மீன் இருக்கும் இடத்தை அறிக. அடுத்து அதனை அச்சுறுத்தாதிருக்க. பின்னரே ஏற்ற கருவி, ஏற்ற இரை, ஏற்ற பொழுது ஆகியவற்றை நாடுக என்பது அதன் சாரம். இரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்க்கு, மீன் இல்லாத இடத்தில் எந்த இரையும் பயன்படாது என்னும் எளிய உண்மை புதிய ஒளியாயிற்று.

மீனின் பார்வை பற்றிய பகுதி தனிச்சிறப்பு உடையது. நீரில் புகும் ஒளி வளைதலால், மேலுலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்கு மேலுள்ள வட்டச் சாளரம் ஒன்றின் வழியே தோன்றும். நிமிர்ந்து நிற்கும் மனிதர் அச்சாளரத்துள் புலப்படுவர். தாழ்ந்து அமர்ந்தவர் விளிம்பில் சுருங்கி மறைவர். கரையில் எடுத்துவைக்கும் அடியின் அதிர்வும் மண்வழி நீரை எட்டும். ஆகவே குனிந்து அமர்க, மெல்ல நடக்க என்று அறிவுறுத்தினார். பிற உயிரின் நிலையில் தன்னை வைத்து உலகை நோக்குதல் கவிஞர்க்கு உரியது என்பர். வாக்கர் அதனை ஒளியியலின் துணையோடு செய்தார்.

அறிவு வியப்பை அழித்துவிடும் என்ற குற்றச்சாட்டு வாக்கரின் நெறிமேல் எழாமல் இல்லை. மறைபொருளாய் இருந்த மீன், கணக்குக்கு உட்பட்டதாயிற்று என வருந்தியவர் உண்டு. அவ்வருத்தத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. பின்வந்தோர் பலர் எடையை மட்டும் எண்ணினர். ஆயின் அசை, சீர், தளை அறிந்தவர்க்கு வெண்பாவின் இன்பம் குன்றுவதில்லை. வாக்கரின் பக்கங்களில் நீரைக் கூர்ந்து நோக்கும் பொறுமையும், மீன்மேல் கொண்ட மதிப்பும், விடியலில் குளக்கரையில் இருக்கும் மகிழ்ச்சியும் கணக்கோடு கலந்தே காணப்பெறுகின்றன.

வார இதழ்ப் பணியும் மறைவும்

1953இல் ஆங்லிங் டைம்ஸ் வார இதழ் தொடங்கப்பெற்றது. அதில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாக்கர் தொடர்ந்து எழுதினார். வாரந்தோறும் எழுதுதல் எழுத்தாளர்க்குப் பெருஞ்சோதனை. சொன்னதைச் சொல்லுதலும், அறியாததை அறிந்ததுபோல் எழுதுதலும் எளிதில் நேரும். வாக்கர் தொடர்ந்து புதியன செய்துபார்த்தமையால் எழுதுதற்குப் பொருள் குறையவில்லை. பிற்காலத்தில் டிரவுட் மீனுக்கான செயற்கை ஈக்கள் கட்டுவதில் மனம் செலுத்தி, 1974இலும் 1980இலும் அக்கலை பற்றிய நூல்களை வெளியிட்டார். கெண்டையால் புகழ்பெற்றவர் அப்புகழிலேயே தங்கிவிடவில்லை.

1980ஆம் ஆண்டில் கிறிஸ் யேட்ஸ் என்பவர் அதே ரெட்மயர் குளத்தில் 51½ பவுண்டுக் கெண்டையைப் பிடித்து, இருபத்தெட்டு ஆண்டுகள் நின்ற எல்லையைக் கடந்தார். அவரும் பின்னர் நல்ல எழுத்தாளராக விளங்கினார். தம் காலத்திலேயே அதனைக் காணும் வாய்ப்பு வாக்கருக்குக் கிட்டியது. பெருங்கெண்டையைப் பிடித்தல் இயலும் என்று எழுதியவர்க்கு, இன்னொருவர் அதனினும் பெரிதைப் பிடித்தல் தோல்வி ஆகாது. எழுதியது மெய் என்பதற்கு அதுவே சான்று.

1985 ஆகஸ்டு 2ஆம் நாள், 67ஆம் வயதில் வாக்கர் மறைந்தார். 44 பவுண்டு மீனின் பெருமையைப் பின்வந்த மீன்கள் கடந்தன. மூங்கில் கோலின் இடத்தைப் புதிய இழைக்கோல்கள் பெற்றன. தாம் அறிந்ததை ஒளிக்காமல், பிறர் செய்துபார்த்துத் திருத்துமாறு தெளிவுற எழுதும் நெறி மட்டும் பழைமை அடையவில்லை. சிலரே கூடிய சிறு வட்டத்தில் கடிதமாகத் தொடங்கிய அவ்வெழுத்து ஒரு நாட்டின் குளக்கரைப் பழக்கத்தையே மாற்றியது. அதனாலேயே தூண்டிலைத் தொட்டறியாதவரும் ரிச்சர்டு வாக்கரை எழுத்தாளராகப் போற்ற இடமுண்டு.